குடிசைப் பகுதியில் சேமிப்புக் குழு: புதிய தன்னார்வலருக்கு அடிப்படைகள்

காய்கறி வண்டி வைத்திருக்கும் ஒரு பெண், தினத் தவணைக்குக் கடன் விடும் தண்டல்காரரிடம் 10,000 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1,500 ரூபாயை முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500தான் கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்பவருக்கு இது 15 சதவீத வட்டி போலத் தோன்றும். ஆனால் கடன் தினமும் கரைகிறது. ஐம்பதாவது நாளில் பாதித் தவணையைக் கட்டி முடித்திருப்பார். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மாதத்துக்கு ஏறத்தாழ 10 சதவீதம் வருகிறது. பேச்சு வழக்கில் ‘பத்து வட்டி’. ஆண்டுக்கு 120 சதவீதம். நூறு நாள் முடிந்த கையோடு பெரும்பாலும் அடுத்த தண்டல் தொடங்கிவிடும். ஆக ஆண்டுக்கு மூன்றரைச் சுற்று. 5,000 ரூபாய்க்கு மேல் வட்டியாகவே போகும்.

சென்னை போன்ற நகரத்தின் குடிசைப் பகுதியில் உதவ நினைத்து வருபவர் முதலில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. வருமானம் குறைவு என்பது பாதி உண்மைதான். வருகிற பணம் சீராக வராததும், வராத நாளில் வாங்கும் கடனின் விலை மிக அதிகமாக இருப்பதும் மறுபாதி. தையல் பயிற்சி, மெழுகுவத்திப் பயிற்சி என்று நல்லெண்ணத்தோடு தொடங்கும் பல திட்டங்கள் இந்த மறுபாதியைப் பார்ப்பதே இல்லை. மாதம் 1,000 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தாலும், அது அடுப்படிக்கு வருமுன்பே தண்டலுக்குப் போய்விட்டால் பயிற்சியால் என்ன பயன்? அதனால் அதிகாரமளித்தல் என்ற பெரிய வார்த்தையை ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குவதுதான் சரி. அந்தச் சந்துப் பெண்களே பணம் போட்டு, அவர்களே கணக்கு எழுதும் சேமிப்புக் குழுவின் நோட்டு அது. மகளிர் குழு, சுய உதவிக் குழு என்று எல்லாருக்கும் தெரிந்த அதே அமைப்புதான். ஆனால் அது உள்ளே எப்படி ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

பணம் எப்படிச் சுற்றுகிறது

ஒரு குழுவில் 10 முதல் 20 பேர். 20க்கு மேல் ஆள் சேர்த்தால் பதிவு செய்ய வேண்டும் என்று பழைய கம்பெனிச் சட்டத்தில் இருந்த விதியால் வந்த வரம்பு அது. சட்டம் மாறிய பிறகும் வரம்பு நிலைத்துவிட்டது, அதுவும் நல்லதே. 25 பேர் உட்கார்ந்தால் பின்வரிசையில் இருப்பவருக்குக் கணக்கு காதில் விழாது.

15 பேர், வாரத்துக்கு ஆளுக்கு 50 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் 750. நான்கு வாரத்தில் 3,000. ஆறு மாதத்தில், அதாவது 26 வாரத்தில், 19,500. இந்தப் பணம் தூங்கக் கூடாது. முதல் மாதம் முடிந்ததுமே 2,000, 3,000 என்று சின்னக் கடன் ஒன்று போய்விட வேண்டும். தன் 50 ரூபாய் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காய்ச்சல் செலவுக்கு உதவியதையும், அது திரும்பி வந்ததையும் கண்ணால் பார்த்தவர்தான் அடுத்த வாரமும் வருவார். ‘ஆறு மாதம் சேமியுங்கள், பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லும் குழு மூன்றாவது மாதமே பாதியாகிவிடும்.

குழு தன் உறுப்பினருக்கே கொடுக்கும் உள்கடனுக்குப் பெரும்பாலான குழுக்கள் போடுவது இரண்டு வட்டி அல்லது அதற்கும் கீழே: மாதத்துக்கு நூற்றுக்கு 2 ரூபாய், குறைந்துவரும் அசலுக்கு மட்டும். 5,000 ரூபாய் வாங்கி மாதம் 500 வீதம் பத்து மாதத்தில் அடைத்தால் வட்டி 100, 90, 80 என்று இறங்கி, மொத்தம் 550. அதே 5,000 பத்து வட்டிக்காரரிடம் என்றால் மாதம் 500 வட்டி மட்டுமே. பத்து மாதத்தில் 5,000 கட்டிய பிறகும் அசல் அப்படியே நிற்கும். தொடக்கத்தில் சொன்ன காய்கறிக்காரர் 8,500 ரூபாயைக் குழுவில் வாங்கி மூன்று தவணையில் கட்டியிருந்தால் வட்டி 340. தண்டலில் 1,500. முதல் கூட்டத்திலேயே இந்த எண்களைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். பெண் விடுதலை பற்றிய எந்தச் சொற்பொழிவையும்விட வேகமாக வேலை செய்யும். அந்த 340 ரூபாயும் வெளியே போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது குழுவின் பொதுப் பணத்தோடு சேர்ந்து அடுத்தவருக்குக் கடனாகும்.

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. அகமதாபாத்தில் 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டு சேவா வங்கியைத் தொடங்கினார்கள். சென்னையில் 1978இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு, குடிசைப் பகுதிச் சிறு வியாபாரிப் பெண்களைச் சிறு குழுக்களாக்கி ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கச் செய்தது. முதலில் அரசு வங்கிகளிடம் கடன் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். 1981இல் சொந்தமாகவே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். தர்மபுரியில் 1989இல் அரசு வழியாகக் குழுக்கள் வந்தன. 1992இல் நபார்டு (வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி) 500 குழுக்களை வங்கியோடு இணைத்துச் சோதித்துப் பார்த்தது. நகரத்துக்கென்று 2013இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வந்து, தகுதியான குழுவுக்கு, உள்ளேயே திரும்பத் திரும்பக் கடனாகச் சுற்றுவதற்கு, 10,000 ரூபாய் சுழல்நிதி கொடுத்தது. திட்டத்தின் பெயரும் விதியும் ஆட்சிக்கு ஆட்சி மாறும். அடியில் இருக்கும் நோட்டுப் புத்தகம் மாறுவதில்லை.

குழு கூடுமுன்

ஒரு மாதம் நடந்து மட்டும் பாருங்கள். எந்தச் சந்தில் யார் என்ன வேலை, எப்போது கையில் காசு வருகிறது, யாரிடம் கடன் என்பது அப்போதுதான் தெரியும். கூட்ட நாளை இதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். கட்டட வேலைக்குச் சனிக்கிழமை கூலி. அவர்களுக்கு ஞாயிறு காலை சரி. வீட்டு வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் மாதத்தின் முதல் பத்து நாளில். அவர்கள் வாரச் சேமிப்பைவிட மாதச் சேமிப்பைத்தான் விரும்புவார்கள். தண்ணீர் லாரி வரும் நேரத்தில் கூட்டம் வைத்தால் குடங்கள் மட்டுமே வரிசையில் ஒழுங்காக நிற்கும், கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

சேமிப்புத் தொகையைக் குழுவிலேயே மிக ஏழையாக இருப்பவர் சொல்ல வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும். குழு யாருக்கானது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. வசதியான இரண்டு பேர் வாரம் 200 என்று முடிவு செய்தால் விதவையும் குப்பை பொறுக்குபவரும் இரண்டாவது வாரமே சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள். எஞ்சுவது கடன் அவ்வளவாகத் தேவைப்படாதவர்களின் குழு.

ஆட்கள் ஒரே சந்தில் இருப்பது நல்லது. கடன் கொடுக்கும்போது ‘இவர் கட்டுவாரா’ என்ற கேள்விக்குப் பதில் அக்கம்பக்கத்தாருக்குத்தான் தெரியும். ஜாமீன் பத்திரத்துக்குப் பதிலாகக் குழுவிடம் இருப்பது அந்த அறிவு மட்டுமே. அதே காரணத்தால் ஓர் எச்சரிக்கை: அந்தச் சந்தில் தானே வட்டிக்கு விடும் பெண் இருந்தால், அவர் முதல் ஆளாக வந்து சேர்வார், நன்றாகப் பேசுவார், குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநராகவும் ஆகிவிடுவார். குழுக் கடனை இரண்டு வட்டிக்கு எடுத்து வெளியே அஞ்சு வட்டிக்கு விடுவது நடக்காத கதை இல்லை.

முதல் தீர்மானத்தில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டியவை சில உண்டு. தாமதமாக வந்தால் 5 ரூபாயா 10 ரூபாயா. ஒருவர் தன் சேமிப்பைப் போல எத்தனை மடங்கு வரை கடன் கேட்கலாம் (தொடக்கத்தில் மூன்று மடங்கு போதும்). மருத்துவச் செலவுக்கு முன்னுரிமை உண்டா. விலகுபவருக்குப் பணம் எப்போது, வட்டியில் பங்கு உண்டா. கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் ‘அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுவார்கள். முதல் சண்டையும் அங்கேதான் வரும்.

நோட்டு யார் கையில்

வருகையும் தீர்மானமும் எழுதும் நோட்டு, ரொக்கப் புத்தகம், சேமிப்பு–கடன் பேரேடு, ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னப் பாஸ்புத்தகம். இதற்கு மேல் தொடக்கத்தில் வேண்டாம். ரொக்கப் புத்தகத்தின் ஒரு நாள் பக்கம் இப்படி இருக்கும்: முன்னிருப்பு 420, சேமிப்பு 750, திரும்பிய அசல் 1,200, வட்டி 96, அபராதம் 10, ஆக 2,476. கடனாகக் கொடுத்தது 2,000. இருப்பு 476. பிறகு பணத்தைப் பாயில் கொட்டி எல்லார் முன்னாலும் எண்ண வேண்டும். 476 இருந்தால் கூட்டம் முடிந்தது. 466 இருந்தால், அந்தப் பத்து ரூபாய் எங்கே என்று தெரியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. பத்து ரூபாய்க்கு இத்தனை பாடா என்று தோன்றும். பத்தாயிரம் காணாமல் போவது இந்தப் பத்திலிருந்துதான் தொடங்குகிறது.

எண்ணி முடித்ததும் ஒருவர் எல்லாக் கணக்கையும் சத்தமாக வாசிக்க வேண்டும். எழுத்துத் தெரியாத பெண்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைப்பது படித்தவர்களின் மூடநம்பிக்கை. மீன் விற்பவர் ஒரு கூடைக்கு நூறு பேரம் மனசுக்குள் போடுகிறவர். காதில் கேட்டால் போதும், தவறைப் பிடித்துவிடுவார். சேவா வங்கியும் கையெழுத்துப் போடத் தெரியாதவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. பாஸ்புத்தகத்தில் புகைப்படம் ஒட்டி அடையாளச் சிக்கலைத் தீர்த்தது.

தன்னார்வலர்கள் அதிகமாகச் சறுக்குவது இந்த நோட்டில்தான். வேகமாக, அழகாக எழுதுகிறார்கள் என்பதால் எழுதும் வேலை அவர்கள் கைக்கு வந்துவிடும். ஆறு மாதம் கழித்து அவருக்குத் தேர்வு வந்தால், வேலை மாறினால், குழுவும் நிற்கும். யாருக்குமே எழுத வராவிட்டால், பிளஸ் டூ படிக்கும் ஒரு உறுப்பினரின் மகளுக்குக் குழுவே கூட்டத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து எழுத வைக்கலாம். தன்னார்வலர் பக்கத்தில் உட்காரலாம், விரலால் சுட்டிக் காட்டலாம். பேனாவைத் தொடக் கூடாது, பணத்தை அதைவிடத் தொடக் கூடாது. கையெழுத்து அதிகாரமும் அவருக்கு வேண்டவே வேண்டாம்.

வங்கியில் குழுவின் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு திறக்க வேண்டும். ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள் என்று மூவரில் எவரேனும் இருவர் கையெழுத்திட்டால் பணம் எடுக்கலாம் என்பது வழக்கமான ஏற்பாடு. தீர்மான நகல், குழு முத்திரை, பொறுப்பாளர்களின் ஆதாரும் படமும் தேவைப்படும். 15 பேரின் ஆவணமும் வேண்டும் என்று கிளையில் திருப்பி அனுப்புவது சகஜம். சேமிப்புக் கணக்கு திறக்கப் பொறுப்பாளர்களின் ஆவணம் மட்டும் போதும், எல்லாருடையதையும் கடன் கொடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதே ரிசர்வ் வங்கியின் விதி. இதை மரியாதையாக எடுத்துச் சொல்ல ஒருமுறை உடன் போவது தன்னார்வலரின் நேரத்துக்கு நல்ல பயன். ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய குழுவை வங்கி தரம் பார்த்து, சேமிப்பைப் போல ஒரு மடங்கில் தொடங்கி நான்கு மடங்கு வரை கடன் தரும் என்பது நபார்டு காலத்து வழிமுறை. வங்கி அதிகாரி புரட்டுவதும் அதே நோட்டைத்தான்: கூட்டம் விடாமல் நடந்ததா, உள்கடன் திரும்பி வந்ததா என்று.

எங்கே உடைகிறது

வங்கிக் கடன் வந்த நாள்தான் பல குழுக்களுக்குக் கெட்ட நாள். 1,50,000 வந்தால் பதினைந்தால் வகுத்து ஆளுக்கு 10,000 என்று பிரித்துக்கொள்வார்கள். நியாயம் போலத் தெரியும். தேவையே இல்லாதவர் அதை வாங்கி டிவிக்குச் செலவிடுவார், அல்லது மைத்துனிக்கு ‘எடுத்துக் கொடுப்பார்’. மைத்துனி கட்டாவிட்டால் தவணை நிற்கும். உண்மையில் தேவைப்பட்டவருக்கோ 10,000 போதாமல் தண்டலும் தொடரும். யாருக்கு எவ்வளவு, எதற்கு என்று உட்கார்ந்து பேசுவது சங்கடம்தான். அந்தச் சங்கடத்தைத் தாண்டப் பழகவே உள்கடன் ஆறு மாதம் ஓட வேண்டும் என்கிறார்கள்.

இன்னொரு குழப்பம் பெயரில். இன்று பல பகுதிகளில் ‘குழு’ என்றால் நுண்நிதி நிறுவனத்தின் வாரத் தவணைக் கடன் என்றுதான் அர்த்தம். அங்கேயும் பெண்கள் வட்டமாக உட்காருவார்கள், ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு. ஆனால் பணமும் வட்டியும் கணக்கும் நிறுவனத்துடையது. ஒரே பெண்ணுக்கு இப்படி மூன்று நான்கு இடத்தில் தவணை இருக்கலாம். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரையுள்ள குடும்பங்களுக்குத் தரும் நுண்கடனில், எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. புதிதாகச் சேர வருபவரிடம் இருக்கும் தவணைகளையெல்லாம் முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கந்துவட்டிக்காரர் மிரட்டினால் அதற்கென்றே 2003இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை. புகாருக்குத் தன்னார்வலர் தனியாகக் கிளம்பக் கூடாது. மறுநாள் அந்தச் சந்தில் வாழப்போவது அவர் அல்ல. குழுவாகப் போக வேண்டும், எப்போது என்பதையும் குழுதான் சொல்ல வேண்டும்.

நன்கொடையும் குழுவை உடைக்கும். ‘தொடக்க நிதியாக இருக்கட்டும்’ என்று வெளியார் 20,000 போட்டால், அதைத் திருப்பிக் கட்டாத ஆளை யாரும் தட்டிக் கேட்க மாட்டார்கள். அது யாருடைய பணமும் அல்லவே. அந்தப் பழக்கம் பிறகு அவர்களின் சொந்த 50 ரூபாய்க்கும் பரவும். அன்பளிப்பு கொடுத்தே தீர வேண்டும் என்பவர் பேரேடும் கால்குலேட்டரும் வாங்கித் தரலாம்.

பருவமும் இருக்கிறது. ஜூனில் பள்ளிச் செலவு, ஐப்பசியில் தீபாவளி, அதோடு வரும் அடைமழையில் கட்டட வேலை நிற்கும். கடலோரக் குப்பங்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கூடையில் விற்கும் பெண்களின் வரவும் சுருங்கும். இந்த மாதங்களில் தவணை தவறுவதை ஒழுக்கக்கேடாகப் பார்க்காமல், மார்ச்சிலேயே பேசிக் கடன் தவணையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளும் குழு நீடிக்கும்.

பணத்தைத் தாண்டி

வாரந்தோறும் உட்காரும் 15 பேர் இருந்தால் மற்ற காரியங்களும் நடக்கும். முதலாவது ஆவணம். கட்டடத் தொழிலாளர், வீட்டுப் பணியாளர் நல வாரியப் பதிவு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, சாதிச் சான்று என்று உரிமையுள்ளவை பல. தடுப்பது பெரும்பாலும் அற்பக் காரணம்: ஆதாரில் இனிஷியல் முன்னால், ரேஷன் கார்டில் பின்னால், ஓடிபி போகும் செல்போன் எண் எப்போதோ தொலைந்தது, முகவரி பழைய வாடகை வீட்டுடையது. ஒரு தாளில் வீட்டுக்கு ஒரு வரி போட்டு, எந்த ஆவணத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது. முதலில் ஆதாரைத் திருத்த வேண்டும். மற்றவை அதைப் பின்பற்றும். இ-சேவை மையத்துக்குப் பத்துப் பேராகப் போனால் ஒரு நாள் கூலிதான் நஷ்டம், பத்து முறை அலைய வேண்டாம்.

இரண்டாவது பொது வசதி. திருச்சியில் கிராமாலயா அமைப்பின் துணையோடு மாநகராட்சியின் பொதுக் கழிப்பறைகளைப் பெண்கள் குழுக்களே நடத்தின. கல்மந்தைப் பகுதி 2002இல் திறந்தவெளியில் மலம் கழிப்பது ஒழிந்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கும் அடிப்படை அதே கணக்குதான்: பயன்படுத்துபவர் தரும் சில்லறை, அதிலிருந்து துப்புரவுக் கூலி, மின்சாரம், பழுது, மிச்சம் குழுவுக்கு, தினமும் பதிவு. கட்டிக் கொடுத்துவிட்டுப் போன கழிப்பறைகள் ஒரு பல்பும் ஒரு குழாயும் பழுதானதும் பூட்டப்படுவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பல்பு வாங்கும் காசும் அதிகாரமும் யாரிடம் இருக்கிறது என்பதே வித்தியாசம். வார்டு அலுவலகத்தில் மனு கொடுத்தால் தேதியிட்ட ஒப்புகை வாங்க வேண்டும். பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு, 30 நாளில் பதில் வர வேண்டும்.

வாடகை, கூலி விகிதம், குடி, நிலத்தின் மேல் உரிமையின்மை ஆகியவற்றைச் சேமிப்புக் குழு தீர்க்காது. தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

விலகும் கணக்கு, இடம்மாறும் கணக்கு

தன்னார்வலர் முதல் ஆறு மாதம் எல்லாக் கூட்டத்துக்கும் போகலாம். அடுத்த ஆறு மாதம் மாதம் ஒருமுறை. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டைச் சரிபார்க்க மட்டும். இரண்டு பேராகப் போவது நல்லது, ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு வாரம் போகாமல் இருந்துவிட்டு, பிறகு போய் அந்த இரண்டு வாரப் பக்கங்களை மட்டும் பாருங்கள். இருப்பு ஒத்துப்போனால் வருகையை இன்னும் குறைக்கலாம்.

சென்னையில் குழுக்கள் உடைய மிகப் பெரிய காரணம் இவை எதுவும் அல்ல, இடமாற்றம். 1970இல் அமைந்த குடிசை மாற்று வாரியம் (2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) நகரின் நடுவிலிருந்து மக்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தொலைவுக்கு அனுப்பியது. வீட்டு வேலைக்கு நடந்து போனவர்கள் பேருந்துக்கே மணிக்கணக்கில் நிற்க வேண்டியதாயிற்று. வேலை போனது, அதோடு தவணையும் போனது. ஒரே சந்துக்காரர்கள் வேறு வேறு பிளாக்குகளில் சிதறினார்கள். வெளியேற்றப் பேச்சு அடிபட்டதுமே புதுக் கடன் கொடுப்பதை நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொருவரின் சேமிப்பு, வட்டிப் பங்கு, கடன் பாக்கியைத் தனித்தனித் தாளில் எழுதிக் கையெழுத்தோடு கொடுத்துவிட வேண்டும். நோட்டுகளின் எல்லாப் பக்கத்தையும் செல்போனில் படமெடுத்து மூன்று பேரிடம் வைக்க வேண்டும். யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு வேண்டும் என்று குழுவாகவே மனுக் கொடுத்து ஒரே பிளாக்கில் ஒதுக்கீடு கேட்கலாம். கிடைக்காவிட்டால், வங்கிக் கணக்கைப் புதிய பகுதிக் கிளைக்கு மாற்றுவதா, பிரித்துக் கொடுத்துவிட்டு அங்கே புதிதாகத் தொடங்குவதா என்பதை லாரி வருமுன்பே கூடி, தீர்மான நோட்டில் எழுதி முடித்துவிட வேண்டும்.